கோடை விடுமுறைச் சோறு

4 மே 2015, திங்கள்

கத்திரி இன்றுதான் ஆரம்பமாம். இத்தனை நாளும் நெய்வேலியில் குளிர் அடித்த மாதிரி டிவியில் சொல்கிறார்கள்.

தனகோட்டி வேலைக்கு வரும்போது பிள்ளைகள் இரண்டையும் கூட்டிக்கொண்டு வந்தாள். மணிமொழி ஐந்தாவது முடித்திருக்கிறாள், அன்புச்செல்வன் இரண்டாவது. அவள் பாத்திரம் தேய்த்து வீடு துடைக்கும்வரை இரண்டும் கொல்லையில் மாமரத்தடியில் உட்கார்ந்திருந்தன. பன்னிரண்டரைக்கு அன்பு எழுந்து நின்று சமையலறை ஜன்னலையே பார்த்தான். பள்ளிக்கூடத்தில் சத்துணவுக்கு மணி அடிக்கும் நேரம். வயிற்றுக்கு லீவு தெரியுமா?

"லீவு வுட்டா ஒரு வேள சோறு கொறஞ்சி பூடுதும்மா," என்றாள் தனகோட்டி, துடைப்பதை நிறுத்தாமல். "காலைல கூழு. அப்பறம் நான் நாலு வூட்டு வேலய முடிச்சிட்டுப் போயி ஒல வச்சாத்தான்." பஸ் இன்றைக்கு லேட் என்று சொல்வது போலத்தான் சொன்னாள்.

எனக்குத்தான் சோறு இறங்கவில்லை. இரண்டு பேருக்கும் சாப்பாடு போட்டேன். என் மகன் அலெக்ஸ் மேஜையில், அவர்கள் பின்வாசல் படியில்.

6 மே, புதன்

இன்று ஏழெட்டுப் பேர். மணிமொழி தாங்கள் குடியிருக்கும் காலனியில் போய்ச் சொல்லியிருக்கிறாள். எல்லாரும் கையோடு தட்டு கொண்டுவந்திருந்தார்கள், பள்ளிக்கூடப் பழக்கம். பலாக்கொட்டையும் முருங்கைக்காயும் போட்டுக் குழம்பு வைத்தேன். பண்ருட்டிப் பலா வந்துவிட்டதால் தெருவில் எல்லா வீட்டிலும் கொட்டை சும்மாதான் கிடக்கிறது.

அன்பு குழம்பைக் கிளறிப் பார்த்துவிட்டு, "முட்ட இல்லியா? ஸ்கூல்ல குடுப்பாங்களே" என்றான். மணிமொழி அவன் தலையில் ஒரு குட்டு வைத்தாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கேட்கட்டும். கேட்டால்தான் பிள்ளை.

8 மே, வெள்ளி

எதிர்வீட்டு ராஜாங்கம் சார் வந்தார். எங்கள் பிளாக் குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர். தெருவில் நாய் குரைத்தாலும் தன்னிடம் அனுமதி வாங்கித்தான் குரைக்க வேண்டும் என்று நினைப்பவர்.

"என்னம்மா இது, குவார்ட்டர்ஸா சத்திரமா? நாலு பேர் எனக்கு ஃபோன் பண்ணிட்டாங்க. கண்ட பசங்க உள்ள வந்தா நாளைக்கு சைக்கிள் காணோம், குழாய் காணோம்பாங்க."

"சைக்கிள் காணாமப் போனா எங்க வீட்டு சைக்கிளை எடுத்துக்குங்க சார்," என்றேன். "சாப்பிடற நேரம். நீங்களும் உக்கார்றீங்களா?"

முகம் சுருங்கிப் போய்விட்டது மனுஷனுக்கு. கதவைச் சாத்திவிட்டுப் பிள்ளைகளுக்கு இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினேன்.

செகண்ட் ஷிப்ட் முடிந்து வந்த என் கணவர் கிளமென்ட் கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஆனி, குவார்ட்டர்ஸ் என் பேர்ல இருக்கு. கம்ப்ளெய்ன்ட் போனா என்னைத்தான் கூப்பிடுவாங்க." கூப்பிடட்டும். சோறு போட்டதற்கு வீட்டைக் காலி பண்ணச் சொல்வார்களா? சொன்னால் அந்த உத்தரவை வாசலில் ஒட்டி வைப்பேன்.

10 மே, ஞாயிறு

சர்ச்சில் பூசை முடிந்ததும், எங்கள் பகுதிக் கத்தோலிக்கக் குடும்பங்களின் குழுவான அன்பியத்தின் தலைவி கிறிஸ்டினாவிடம் சொன்னேன். அவள் ஒரேடியாகப் பிடித்துக்கொண்டாள். அரிசி, எண்ணெய், ஆள், எல்லாம் அன்பியம் தருமாம். "பெரிசா ஒரு ஃப்ளெக்ஸ் வைச்சிடலாம் ஆனி. கோயில் பேரு இருந்தா எந்தச் சங்கம் வாயைத் திறக்கும்?"

ராஜாங்கத்தின் வாசலுக்கு நேர் எதிரே ஃப்ளெக்ஸ். நினைக்கும்போதே இனித்தது.

13 மே, புதன்

ஃப்ளெக்ஸ் கட்டியாயிற்று. எங்கள் கேட்டின் அகலம் முழுக்க. 'ஏழைக் குழந்தைகளுக்குக் கோடைக்கால இலவச உணவு.' கீழே பிள்ளைகள் போட்டோ. நேற்று கிறிஸ்டினா செல்போனில் எடுத்தது. மணிமொழி தட்டை நீட்டிக்கொண்டு நடுவில் நிற்கிறாள், நன்றாக விழுந்திருக்கிறாள்.

ராஜாங்கம் சார் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் படித்தார். நான் வேண்டுமென்றே வெளியே வந்து செடிக்குத் தண்ணீர் ஊற்றினேன்.

14 மே, வியாழன்

யாருமே வரவில்லை. தனகோட்டியும் வரவில்லை. ஒரு குண்டான் சாம்பார் சாதம் அப்படியே இருக்கிறது.

15 மே, வெள்ளி

காலையில் தனகோட்டி வந்தாள். வேலைக்கு அல்ல. கையில் விறகு பிளக்கும் கத்தி. என்னைப் பார்க்காமல் நேரே கேட்டுக்குப் போய் ஃப்ளெக்ஸ் கயிற்றை நாலு பக்கமும் அறுத்தாள். தெருவே வேடிக்கை பார்த்தது. ராஜாங்கம் பேப்பரை மடித்து வைத்துவிட்டுப் பார்த்தார்.

நான் ஓடிப் போய், "என்ன தனகோட்டி இது?" என்றேன்.

"எம்பொண்ணு தட்ட நீட்டிக்கினு நிக்குது. யாரக் கேட்டு இந்த போட்டாவ மாட்டனீங்க? எங்க வூட்டுக்காரரு மைன்ஸுக்குப் போற வழி இது. கூட காண்ட்ராக்ட்ல வேல செய்றவனுங்க நின்னு படிச்சிட்டு, இன்னா வேலுமணி, ஒன் வூட்ல அடுப்பு எரியலியான்னு கேக்கறானுங்க. அந்த மனுசன் சோத்துல கைய வைக்கல."

"நல்ல மனசோடதான் தனகோட்டி…"

"பள்ளிக்கூடத்துல எல்லா புள்ளைங்களும் வரிசையா குந்தி துன்னுது. யாரும் ஏழைன்னு எழுதித் தொங்க வுடல. அலெக்ஸ் தம்பியும்தான் தெனம் இங்க துன்னுது. அது போட்டா எங்க? அது பேரு எங்க?"

ஃப்ளெக்ஸைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டாள். "நாளைலேருந்து வேலைக்கு வேற ஆளு பாத்துக்குங்க," என்று சொல்லிவிட்டுப் போனாள். கேட்டில் தொங்கிய கயிற்றுத் துண்டுகளை நான்தான் அவிழ்த்தேன்.

16 மே, சனி

நன்றி கெட்ட ஜனம். — எழுதிவிட்டு அடித்துவிட்டேன், ஆனால் அப்படித்தான் நினைத்தேன். நான் என்ன திருடினேனா? யாரையாவது ஏமாத்தினேனா? தெரு முழுக்க எதுத்துக்கிட்டு, புருஷன்கிட்ட பேச்சு வாங்கிக்கிட்டு, இந்த வெயில்ல அடுப்புல வெந்து — கடைசியில் என் வீட்டுக்கே கத்தியைத் தூக்கிக்கிட்டு வர்றா.

அன்புவின் வயிற்றுக்கு இன்று மத்தியானம் என்ன கிடைத்ததோ.

17 மே, ஞாயிறு

கிறிஸ்டினா கோயில் வாசலில் சொன்னாள்: "விடு ஆனி. அதுங்களுக்குக் கொடுத்து வைக்கல. நாம ஃப்ளெக்ஸுக்குச் செலவு பண்ணதுதான் மிச்சம்."

நேற்று நான் எழுதி அடித்த அதே பேச்சு. அவள் வாயில் கேட்டபோது அசிங்கமாக இருந்தது. "போட்டோ எடுக்க முன்னாடி அவங்க அம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டமா நாம?" என்றேன். அவளுக்குப் புரியவில்லை. எனக்கே வழியில்தான் புரிந்தது. ராஜாங்கத்தை மட்டம் தட்டுவதற்கு மணிமொழியின் முகத்தை எடுத்துக்கொண்டேன். அவரிடம் காட்ட வேண்டிய வீம்பை அந்தப் பிள்ளை தலையில் ஏற்றினேன்.

வீட்டுக்குப் போகாமல் அப்படியே காலனிக்குப் போனேன். பட்டுப் புடவையோடு. போன பிறகுதான் புடவையை யோசித்தேன். மணிமொழி வாசலில் சோழி ஆடிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து உள்ளே போய்விட்டாள். தனகோட்டி கத்தியோடு வந்தது கூட எனக்கு இவ்வளவு வலிக்கவில்லை.

"தப்பு பண்ணிட்டேன் தனகோட்டி," என்றேன். பரவாயில்லை என்று அவள் சொல்லவில்லை. அதுவும் சரிதான்.

அடுப்பில் விறகைத் தள்ளி வைத்துவிட்டு, "சோறு வேணாம்னு யாரு சொன்னா? பசிக்கத்தான் பசிக்குது," என்றாள். "ஆனா ஒங்க வூட்டுப் படில வந்து குந்த மாட்டாங்க. இங்கயே ஆக்கலாம், தண்ணித் தொட்டியாண்ட. மைன்ஸ்ல போடறாப்பல நாமளும் ஷிப்ட்டு போட்டுக்கலாம். காலைல வேலைக்குப் போறவ மொத நாளே அரிசி பொறுக்கி வெச்சிடுவா. ரெண்டு மணி ஷிப்ட்டுக்குப் போறவ பகல்ல ஆக்குவா. அவுங்கவுங்க வூட்ல இருக்கறதக் கொண்டாந்து போடறது. நீங்களும் ஒரு ஆளா வாங்க. ஒரு ஆளாத்தான். அப்பறம், அலெக்ஸ் தம்பி வரிசைல குந்தி துன்னணும்."

யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

18 மே, திங்கள்

எனக்குக் கண்டிஷன் போடுகிறாள். எனக்கு.

ராஜாங்கத்தை எதிர்த்தேன், கிளமென்ட்டை எதிர்த்தேன், கிறிஸ்டினாவையும் எதிர்த்தாயிற்று. ஆனால் அலெக்ஸைத் தொட்டியடி மண்ணில் உட்கார வைப்பதா என்று ஒரு நிமிஷம் தோன்றியது. தோன்றியதைத் தோன்றவில்லை என்று எழுத மாட்டேன்.

அலெக்ஸிடம் கேட்டேன். "அங்க கிரிக்கெட் ஆட ஆள் இருக்குல்ல? வர்றேன்," என்றான். அவனுக்கு அவ்வளவுதான்.

20 மே, புதன்

தொட்டியடியில் முதல் நாள். மாரியம்மாள் என்று ஒருத்தி, ரெண்டு மணி ஷிப்ட்டுக்குக் கூட்டிப் பெருக்கப் போகிறவள். அவள்தான் அடுப்பு. நான் கரண்டியை எடுத்ததும், "அத வெச்சிட்டு கத்திரிக்காய வெட்டுங்க," என்றாள். வெட்டினேன். பெரிசாக வெட்டிவிட்டேனாம். மறுபடியும் வெட்டினேன். என் வாழ்நாளில் இத்தனை பேர் என்னை அதட்டியதில்லை.

தனகோட்டி அறுத்துக்கொண்டுபோன ஃப்ளெக்ஸை எழுத்துப் பக்கம் கீழே இருக்கும்படி விரித்திருந்தார்கள், பிள்ளைகள் உட்கார. அலெக்ஸ் அன்புவின் பக்கத்தில் உட்கார்ந்து மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டான். வீட்டில் கத்திரிக்காயைத் தொட மாட்டான், திருட்டுப் பயல். மாரியம்மாள் வீட்டுக் கோழி புண்ணியத்தில் ஆளுக்குப் பாதி முட்டையும் இருந்தது. மணிமொழி கடைசி ஆளாக உட்கார்ந்தாள். நான் அந்தப் பக்கம் பார்க்கவேயில்லை.

22 மே, வெள்ளி

ராஜாங்கம் இன்று கிளமென்ட்டையே தெருவில் பிடித்துக்கொண்டார். நான் ஜன்னல் ஓரம் நின்று கேட்டேன்.

"என்ன கிளமென்ட், உங்க பையன் காலனியில போய்த் தரையில உக்காந்து சாப்பிடறானாமே. பெர்மனென்ட் ஸ்டாஃப் வீட்டுப் பிள்ளை. பிளாக்குக்கு ஒரு மரியாதை இருக்குல்ல? சங்கத்துல பேச வேண்டி வரும்."

என் கணவர் சண்டை என்றால் நாலு தெரு சுற்றிப் போகிறவர். சைக்கிளை ஸ்டாண்ட் போட்டு நிறுத்தினார். "பேசுங்க சார். என் பையன் எங்க சாப்பிடணும்னு தீர்மானம் போடுங்க. நானும் கூட்டத்துக்கு வர்றேன். அந்த வேலுமணி மைன்ஸ்ல கன்வேயர் பெல்ட்டாண்ட நின்னு கரியை வாரிப் போடலைன்னா உங்க வீட்லயும் எங்க வீட்லயும் ஃபேன் சுத்தாது. அதையும் அங்க பேசுவோம்."

உள்ளே வந்து ஒரு சொம்பு தண்ணீரை மடமடவென்று குடித்தார். ராத்திரி அவருக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பு வைத்தேன்.

26 மே, செவ்வாய்

சங்கக் கூட்டம் கூடவேயில்லை. ஆள் சேரவில்லையாம். இரண்டு வீட்டுக்காரம்மாக்கள் சத்தமில்லாமல் பலாக்கொட்டை கொடுத்தனுப்பினார்கள்.

28 மே, வியாழன்

பந்தி முடிகிற நேரம். பாத்திரத்தை வழித்துக்கொண்டிருந்தேன். "நீங்க துன்னலியா?" என்று ஒரு குரல். மணிமொழி. பதினைந்து நாளாக என்னிடம் பேசாத பிள்ளை. "வீட்ல போய்…" என்று இழுத்தேன். "இங்கயே குந்துங்க," என்று சொல்லிக் கொஞ்சம் நகர்ந்துகொண்டாள்.

உட்கார்ந்தேன். உப்பு கொஞ்சம் தூக்கல்தான். ஒரு பருக்கை மிச்சம் வைக்கவில்லை. வீட்டுக்கு வந்து நன்றாக அழுதேன்.

1 ஜூன், திங்கள்

பள்ளிக்கூடம் திறந்துவிட்டார்கள். பன்னிரண்டரைக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை.

21 ஏப்ரல் 2016, வியாழன்

முழுப் பரீட்சை முடியப் போகிறது. தனகோட்டி திரும்ப என் வீட்டு வேலைக்கு வரவில்லை. வேறு வீடு பார்த்துக்கொண்டாள். சந்தையில் பார்த்தால் நின்று பேசுவாள். இந்த வருஷம் முன்கூட்டியே ஆரம்பிக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன். எந்த நாள் என்ன சமையல், யார் யாரிடம் என்ன கேட்பது, எல்லாம் யோசித்து வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலனிக்குப் போய் அவர்களைக் கூட்டிப் பேச வேண்டும். — எத்தனை ஞாயிறு தள்ளிப் போடுகிறேன் என்று பார்க்கிறேன்.

2 மே 2016, திங்கள்

தள்ளித்தான் போட்டேன். மத்தியானம் தனகோட்டி ஃபோன்.

"அம்மா, இன்னிக்கி ஆரம்பிச்சிட்டோம். இப்பத்தான் புள்ளைங்க துன்னுட்டு எழுந்திரிச்சி போவுதுங்க."

ஆரம்பிச்சிட்டீங்களா என்று கேட்டேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"ஆமாம்மா, லீவு வுட்டாச்சே. பக்கத்து தெரு புள்ளைங்களும் வருது இந்த வாட்டி. ஒங்களுக்கு வியாயக்கெழம போட்டிருக்கோம். சின்ன வெங்காயம் உரிக்கணும். ஒம்போது மணிக்கெல்லாம் வந்துடுங்க, லேட்டா வந்தா மாரியம்மா கத்தும். அலெக்ஸ் தம்பிய தட்டு எடுத்தாரச் சொல்லுங்க." வைத்துவிட்டாள்.

சுருக்கென்றுதான் இருந்தது. ஆரம்பிக்கும் முன் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்று கொஞ்ச நேரம் முற்றத்தில் நடந்தேன். யாரைக் கேட்க வேண்டும்? அவர்கள் பிள்ளைகள், அவர்கள் அடுப்பு. எனக்கு ஒரு நாள் ஒதுக்கியிருக்கிறார்கள். மறக்காமல் ஒதுக்கியிருக்கிறார்கள்.

சின்ன வெங்காயமாம். ஒரு கூடை உரித்தால் கண்ணெல்லாம் எரியும். எரியட்டும்.