நடுத்தூணில் இருந்த ஓட்டை

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நான், அம்மா, தம்பி, மருமகள் எல்லோரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகள் இருவரும் அப்படியே இருக்க வேண்டும். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் சொன்னால் பாதியில் நீ அழுவாய், இல்லை நான் பேச்சை மாற்றிவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன், கடைசிவரை படி. முதல் காரியம், அடுத்த மாதம் வர எடுத்திருக்கும் டிக்கெட்டை இரண்டு மாதம் தள்ளிப் போடு. காரணம் சொல்கிறேன்.

தம்பியும் மருமகளும் ஹாலை மாற்றப் போகிறார்கள் என்று உனக்குத் தெரியும். எப்படி மாற்றப் போகிறார்கள் என்பது வேலை ஆரம்பித்த பிறகுதான் எனக்கே தெரிந்தது. எல்லாம் கான்கிரீட். சுவர் முழுக்க சிமென்ட் நிறம், சாப்பாட்டு மேசை கான்கிரீட்டில் வார்த்தது, ஆறு பேர் மூச்சு வாங்கத் தூக்கி வைத்தார்கள், இனி அதை நகர்த்த இன்னொரு ஜென்மம் எடுக்க வேண்டும். கை கழுவும் தொட்டி கான்கிரீட், தலைக்கு மேல் தொங்கும் விளக்குக் கூண்டுகூடக் கான்கிரீட். பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. முப்பத்தெட்டு வருஷம் சைட் சூப்பர்வைசராக வெயிலில் நின்று, ஊரார் வீட்டுக் கான்கிரீட்டையெல்லாம் பூசி, பட்டி தேய்த்து, பெயின்ட் அடித்து மூடியதுதான் என் பிழைப்பு. இப்போது அதை மூடாமல் வைப்பதற்கென்றே தனியாக ஒரு டிசைனர் பெண்ணை அழைத்து வந்திருக்கிறார்கள். அம்மா ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, வர்றவங்க, வீட்டு வேலை இன்னும் முடியலையான்னு கேப்பாங்களே என்றாள். அப்படிக் கேட்டாத்தான் அத்தை, நல்லா வந்திருக்குன்னு அர்த்தம் என்று மருமகள் சிரித்தாள். நானும் சரி, அவர்கள் வாழப்போகிற வீடு என்று வாயை மூடிக்கொண்டேன்.

அதோடு விட்டிருக்கலாம். அந்த டிசைனர் பெண் நடுத்தூணைத் தட்டிப் பார்த்து, சுவத்துல கான்கிரீட் மாதிரி பூசிக்கிட்டு இருக்கோம், நிஜக் கான்கிரீட் இங்கேயே இருக்கே, மேல்பூச்சைக் கொத்தி எடுத்துட்டா போதும் என்றாள். ஹாலுக்கும் சாப்பாட்டு இடத்துக்கும் நடுவே நிற்கிறதே, நீயும் தம்பியும் சுற்றிச் சுற்றி ஓடிப் பிடித்து விளையாடிய அதே தூண்தான். வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்டார்கள். தூசி என்றேன், ஆஸ்துமா என்றேன், நம் வீட்டில் யாருக்கும் ஆஸ்துமா கிடையாது. அப்பாவுக்குப் பழசு மேல பாசம் என்று தம்பி முடித்துவிட்டான். மறுநாள் மூக்குக்கண்ணாடிக்குப் புதுக் கண்ணாடி மாற்றக் கடைக்குப் போயிருந்தேன், திரும்பி வரும்போது தெருமுனையிலேயே உளிச் சத்தம் கேட்டது. ஓட்டமும் நடையுமாக வந்தேன் பாப்பா. நான் வாசலில் செருப்பைக் கழற்றும்போது, முழங்கால் உயரத்தில் ஒரு தட்டு அகலத்துக்குக் கலவை மொத்தமாகப் பெயர்ந்து தரையில் விழுந்தது. பின்னால் ஒரு பொந்து. ஜல்லி சிமென்டே இல்லாமல் பல் இளித்துக்கொண்டிருந்தது, உள்ளே கம்பி துருப்பிடித்துச் சுண்டுவிரலைவிட மெலிந்து போயிருந்தது. அந்தப் பெண் உடனே படம் எடுத்து, இப்படியே விட்டுடலாம் அங்கிள், ரொம்ப நேச்சுரலா இருக்கு என்றாள். அது அழகில்லம்மா, அது நான் பண்ணின தப்பு என்றேன். என் வாயிலிருந்து வந்தது எனக்கே அதிர்ச்சிதான். கொத்திக்கொண்டிருந்தவர்கூட உளியைக் கீழே வைத்துவிட்டார்.

உனக்கும் சொல்லிவிடுகிறேன். இந்த வீட்டுக்குத் தூண் போடும்போது நீ மூன்றாம் வகுப்பு. கான்கிரீட் கொட்டச் சுற்றி அடைக்கும் பலகைகளை நான் வேலை பார்த்த சைட்டிலிருந்து கேட்டு வாங்கி வந்திருந்தேன், மறுநாள் காலை திருப்பிக் கொடுக்க வேண்டும். ஒரே நாளில் எட்டுத் தூணையும் முடிக்க வேண்டும் என்ற அவசரம். ஏழு ஒழுங்காகத்தான் போட்டோம், கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டி, உள்ளே ஓட்டை விழாதபடி கம்பியால் குத்திக் குத்தி இறக்கினோம். எட்டாவது இந்த நடுத்தூண். இருட்டுவதற்குள் முடிய வேண்டும் என்று மேலிருந்து ஒரே மூச்சாகக் கொட்டச் சொன்னது நான், குத்துகம்பியைக் கையில் வைத்துக்கொண்டு சரியாகக் குத்தாமல் நின்றதும் நான். காலையில் பலகையைப் பிரித்தால் இந்த ஓட்டை. கூட இருந்த ஆளை டீ வாங்க அனுப்பிவிட்டு, அவன் வருவதற்குள் கலவையை அப்பி மூடினேன். இருபத்தெட்டு வருஷம் அதன் பக்கத்தில் உட்கார்ந்துதான் பேப்பர் படித்தேன். உன் பிள்ளைகள் வந்தால் படுக்கும் மாடி அறையைத் தாங்குவது அந்தத் தூண்தான் என்று எனக்குத் தெரியாமலா இருந்தது. தெரியும். நிற்கிறதே, நிற்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

உங்களுக்குத் தெரியுமா என்று மட்டும் அம்மா கேட்டாள். தெரியும் என்றேன். அவள் மாடிக்குப் போய், பிள்ளைகளுக்கென்று உறை மாற்றி வைத்திருந்த மெத்தை தலையணையெல்லாம் கீழே கொண்டு வந்தாள், கட்டிலைத் தம்பியை இறக்கச் சொன்னாள். என்னை ஒரு கை பிடிக்கவிடவில்லை. அன்றிலிருந்து சாப்பாடு வைக்கிறாள், பேச்சில்லை. தம்பி அழைத்து வந்த இன்ஜினியர் சுத்தியலால் நாலு பக்கமும் தட்டிப் பார்த்துவிட்டு, இத்தனை நாள் நின்னதே பெரிசு, மாடியில யாரும் படுக்காதீங்க, உத்தரத்துக்கு முட்டுக் கொடுத்துட்டுத் தூணைச் சுத்திப் புதுக் கம்பி கட்டிக் கான்கிரீட் போடுங்க, அது நல்லா இறுகறவரைக்கும் முட்டுக்கம்பை எடுக்காதீங்க என்றார்.

வேலைக்கு யாரைக் கூப்பிடுவது என்று தம்பி கேட்டான். நெட்டை மேஸ்திரியைக் கூப்பிடு என்றேன். அவரை உனக்குத் தெரியாது. நம் வீட்டுத் தூண் போட்ட அதே மாதம், என் சைட்டில் அவர் போட்ட ஒரு தூணில் ஓட்டை இருந்தது. இரண்டு விரலை உள்ளே விட்டுக் காட்டி, அத்தனை வேலையாட்கள் முன்னால் அவர் கையாலேயே அதை இடிக்க வைத்து, நாளையிலிருந்து வராதே என்று அனுப்பியவன் நான். அன்று வாடா போடா என்றுதான் பேசினேன். இப்போது அவர் கீழ்த்தெருவில் சொந்தமாக ஆள் வைத்து வேலை எடுத்துச் செய்கிறார். வரமாட்டார் என்று நினைத்தேன், வந்தார். தூண் முன்னால் குந்தி உட்கார்ந்து இரண்டு விரலை உள்ளே விட்டார், விரல் போதவில்லை, கை மணிக்கட்டு வரை போனது. இது யார் சார் போட்டது என்று கேட்டார். நான்தான் என்றேன். கொஞ்ச நேரம் கையை வெளியே எடுக்கவேயில்லை. என்னுது இதைவிடச் சின்னது சார் என்றார். எழுந்துபோய் முட்டுக்கு அளவெடுத்தார். திட்டியிருந்தால் தேவலை பாப்பா.

நேற்றுக் கான்கிரீட் போட்டோம். துருவைத் தேய்த்து, புதுக் கம்பி கட்டி, பலகை அடைத்தபின், குத்துகம்பியைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். நீங்க குத்துங்க சார், நான் பக்கத்துலயே நிக்கிறேன், அவசரமில்லை என்றார். இரண்டு சட்டி விழுந்ததும் நிறுத்துவார், நான் குத்துவேன், அவர் பலகையில் காதை வைத்துத் தட்டிக் கேட்பார், போதும் என்று அவர் சொன்னபிறகுதான் அடுத்த சட்டி. எனக்குத் தோள் கழன்று போய்விட்டது, நிறுத்தவில்லை. அம்மா சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

நீயும் உன் புது வீட்டில் சமையல் மேடையைக் கான்கிரீட்டில் போடப் போவதாகச் சொன்னாய், மருமகள்தான் உனக்கும் ஆசை காட்டியிருப்பாள். போடு, நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஈரச் சாக்கு போட்டு நாள் கணக்காக நனைத்து வைக்கச் சொல், காய்ந்தபின் மேலே கறை பிடிக்காத பூச்சு கொடுக்கச் சொல், இல்லாவிட்டால் எலுமிச்சைச் சாறு சிந்தின இடமெல்லாம் வெளுத்துப் போகும். எங்கேயாவது ஓட்டை தெரிந்தால், நான் மூடிடறேன்மா என்று சொல்கிறவனை நம்பாதே, உன் அப்பாவே வந்து சொன்னாலும் நம்பாதே.

பிள்ளைகளுக்கு என் முத்தம். மாப்பிள்ளையிடம் நீயே விவரமாகச் சொல்லிவிடு, எனக்கு அவர் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருக்கிறது. நீங்கள் நால்வரும் நல்ல கூரையின் கீழ் நெடுநாள் நிம்மதியாகத் தூங்க வேண்டும். டிக்கெட் மாற்றியதும் ஒரு வரி எழுது.

இப்படிக்கு,
உன் அப்பா

பின்குறிப்பு: இதை ஒட்டாமல் வைத்திருந்தேன். இன்று காலை எல்லோரையும் நிற்க வைத்துத்தான் பலகையைப் பிரித்தோம். யாரையும் டீ வாங்க அனுப்பவில்லை. தூணைப் பூச வேண்டாம், இப்படியே இருக்கட்டும் என்று நானே சொல்லிவிட்டேன், டிசைனர் பெண்ணுக்கு ஒன்றும் புரியவில்லை. மேஸ்திரி தட்டி முடித்ததும் அம்மா முன்னால் வந்து மேலிருந்து கீழே வரை கையால் தடவினாள், முழங்கால் உயரம் வந்ததும் அங்கேயே குனிந்து ரொம்ப நேரம் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு நிமிர்ந்து, இத்தனை நாளுக்கு அப்புறம் முதல்முறையாக என் முகத்தைப் பார்த்து, முட்டுக்கம்பை எடுத்த அன்னிக்குப் பிள்ளைங்க கட்டிலை நீங்களே மேல ஏத்துங்க என்றாள்.