மகிமா என்று இந்தத் தெருவில் யாரும் இல்லை

ராயபுரம்,
ஞாயிற்றுக்கிழமை, இரண்டாம் பூசை முடிந்து.

இருபது கோடி இறால் குஞ்சுகளின் வளர்ப்புத் தாயும், ஆந்திர தேசத்து உப்புத் தண்ணீர் முழுவதற்கும் சக்கரவர்த்தினியும், கூடிய சீக்கிரம் பெல்ஜியம் நாட்டு மீன்களுக்கு நீச்சல் சொல்லிக்கொடுக்கப் போகிறவளுமான என் அக்கா மகள் மகிமாவுக்கு, மாமன் சைமன் ஆசீர்வாதத்தோடு எழுதுவது. இங்கே உன் அம்மா, அப்பா, நான், மாடியில் உன் துளசித் தொட்டி எல்லாரும் சுகம். நீயும் சுகமாக இருக்க வேண்டும் என்று ராயபுரத்தில் உள்ள அத்தனை புனிதர்களையும் ஷிஃப்ட் போட்டு வேலை வாங்கிக்கொண்டிருக்கிறோம், அந்தோணியாருக்கு மட்டும் ஓவர்டைம்.

தினமும் போனில் பேசுகிறவன் இன்றைக்கு எதற்குப் பேனாவைத் தூக்கினான் என்று நீ புருவத்தைத் தூக்குவது எனக்கு இங்கிருந்தே தெரிகிறது. உன் அம்மாவின் உத்தரவு. போனில் சொன்னால் இரண்டே நிமிஷத்தில் அதை ஒரு கதையாக்கி, உன்னைச் சிரிக்க வைத்து, நான் நழுவிவிடுவேனாம். கைப்பட எழுதினால் நழுவ வழியில்லையாம். எழுதி முடித்ததும் தானே படித்துப் பார்த்துத்தான் உறையில் போடுவாளாம். காசிமேட்டிலிருந்து விசாகப்பட்டினத்துக்கு லாரி ஓட்டுகிற ஷாகுல் ஹமீது பாய் இன்று மத்தியானம் கிளம்புகிறார், செவ்வாய்க்கிழமை உங்கள் இறால் குஞ்சு ஹேச்சரி வாசலுக்கே வந்து கொடுப்பதாக வாக்கு. முதலில் நல்ல சேதியைச் சொல்கிறேன், மற்றதற்கு எனக்குத் தைரியம் வரக் கொஞ்சம் நேரம் ஆகும்.

பெல்ஜியத்துக்குப் படிக்கப் போகும்போது நீ போட வேண்டிய கோட்டு வந்துவிட்டது. பர்மா பஜாரில் ஆறு கடை ஏறி இறங்கி வாங்கினேன். கடைக்காரன் இது எந்தக் குளிரையும் தாங்கும் என்றான், நான் படகு எஞ்சினுக்கே சோதனை ஓட்டம் பார்க்காமல் போல்ட்டு முடுக்காதவன், கோட்டை மட்டும் வாய் வார்த்தையில் நம்பிவிடுவேனா. நேராகக் காசிமேட்டு ஐஸ் கம்பெனிக்குப் போய், கோட்டைப் போட்டு, பொத்தான் எல்லாம் மாட்டி, ஐஸ் கட்டி அடுக்குகிற அறைக்குள்ளே போய் நின்றுவிட்டேன். வெளியே சித்திரை வெயில் போகாமல் உட்கார்ந்திருக்கிறது, உள்ளே நான் பெல்ஜியத்தில். அங்கே வேலை பார்க்கிற பையன்கள், “இன்னா மாமு, கரடி வேசம் கட்டிகினு வந்துகீற” என்று சுற்றி நின்று கொண்டாடினார்கள். மூன்று மணி நேரம் அசையாமல் நின்றேன். உன் அம்மா தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து இருபது நிமிஷம் என்று மாற்றச் சொல்கிறாள். சரி, இருபது நிமிஷம். ஆனால் மூக்கைத் தவிர எங்கேயும் குளிரவில்லை என்பது சத்தியம், மூக்குக்கு ஏதாவது உறை கிடைக்குமா என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன். உன் புதுப் பெட்டியைத் தெரு முனையில் மீன் விற்கிற சிலுவையம்மாளின் தராசில் தூக்கி வைத்து நிறுத்துப் பார்த்தோம். அம்மா அதில் இப்போதே ஐந்து கிலோ நெத்திலிக் கருவாட்டுப் பொடி போட்டுவிட்டாள், பொண்ணு துணிமணி இல்லாமல் போனாலும் போகலாம் இது இல்லாமல் போகக்கூடாது என்பது அவள் கட்சி. பெல்ஜியம் என்றால் கண்ணாடிதானே, அங்கே ரோடே கண்ணாடியாமே, வழுக்கி விழாமல் நடக்கச் சொல்லு என்று சிலுவையம்மாள் உனக்குச் சொல்லியனுப்புகிறாள். ஆமாம், மாடும் கண்ணாடி, பாலும் கண்ணாடி என்று நான் அவளுக்கு உறுதி கொடுத்திருக்கிறேன். நீ வேலை செய்கிற இடத்தைப் பற்றியும் தெருவில் நல்ல மதிப்பு. கண் இமை மாதிரி இருக்கிற குஞ்சைப் பீங்கான் கிண்ணத்தில் விட்டு ஒவ்வொன்றாக எண்ணுகிறாய் என்று நீ சொன்னாய் அல்லவா, ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்து ரிஜிஸ்டரில் எழுதுகிறாள் என்று நான் அதைக் கொஞ்சம் வளர்த்துவிட்டேன். ஈரத் தரையில் வெறுங்காலோடு நடக்காதே, உப்புத் தண்ணீரில் கை வெடிக்கும், தேங்காயெண்ணெய் தடவு.

இதற்கு மேல் தள்ளிப்போட முடியாது, அம்மா எதிரே வந்து உட்கார்ந்துவிட்டாள். கேள். உன் பாஸ்போர்ட் பறந்து வந்துகொண்டிருக்கிறது என்று பத்து நாளாக உனக்குச் சொல்லிக்கொண்டிருந்தேனே, அது பறக்கவில்லை. நின்றுவிட்டது. நிறுத்தியவன் நான்.

உன் போன் பகலெல்லாம் ஹேச்சரி கேட்டில் பூட்டியிருக்கும் என்று விண்ணப்பத்தில் என் நம்பரைக் கொடுத்துவிட்டுப் போனாய். போலீஸ் விசாரணைக்கு வருகிறவர் முதலில் போன் செய்வார், எடுங்கள் மாமா என்று ரயில் ஏறும்போதுகூடச் சொன்னாய். மூன்று தடவை ஏதோ புது நம்பரிலிருந்து வந்தது, கிரெடிட் கார்டு வேண்டுமா என்று கேட்கிற பெண்தான் என்று மூன்று தடவையும் நான் கட் செய்தேன். அப்புறம் அந்த மனுஷன் நேரிலேயே வந்தார். சாதா பேண்ட் சட்டைதான், ஆனால் காலில் பிரவுன் ஷூ, கக்கத்தில் ஃபைல், வாயில் ஒருத்தருடைய முழுப் பெயர். நம் தெருவில் இந்த மூன்றும் ஒன்றாக நுழைந்தால் என்ன நடக்கும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. உன் தாத்தா காலத்துத் துறைமுக ஸ்டிரைக்கில் ஆள் பிடிக்கப் போலீஸ் வந்ததே, அன்று தொடங்கியது, பால்குடி மறந்த பிள்ளைகூட அப்படி யாரும் இல்லை என்றுதான் சொல்லும். அவர் முதலில் சிலுவையம்மாளிடம் மகிமா நெல்சன் யார் என்று கேட்டிருக்கிறார். அவள் செதில் சீவுகிற கத்தியை நிறுத்தாமலே அப்படி ஒரு பேரே கேள்விப்பட்டதில்லை என்றிருக்கிறாள். டீக்கடையில் கேட்டார், அங்கே மகிமாவும் கிடையாது, நெல்சனும் கிடையாது. உன் அப்பா அந்த நேரத்தில் துறைமுகத்தில் கிரேன் மேலே, அம்மா உள்ளே குக்கர் சத்தத்தில். கடைசியாக என்னிடம் வந்தார், நானோ டீ கிளாஸோடு நம் வீட்டு வாசலிலேயே நிற்கிறேன். தெருவே இல்லை என்று மட்டும்தான் சொல்லியிருந்தது, நான் ஒருத்தன் அதோடு விடுவேனா. “இந்த வூட்ல யாருமே கெடையாது சார், குடும்பத்தோட அந்தமான் பூட்டாங்கோ, பத்து வருசமாச்சி” என்றேன். அங்கே அவர்கள் தேங்காய் வியாபாரத்தில் பெரிய ஆளாகிவிட்டதாகவும் சேர்த்தேன். அவர் எழுதிக்கொண்டார். நான் ஜெயித்த பெருமையோடு உள்ளே போய்ச் சாப்பாட்டில் உட்கார்ந்து உன் அம்மாவிடம் நடித்துக் காட்டினேன். அவள் கையிலிருந்த கரண்டி குழம்புக்குள்ளேயே விழுந்தது. “டேய், அது பாஸ்போட்டுக்கு வந்த ஆளுடா” என்றாள். நான் டீக்கடை வரை ஓடினேன், மெயின் ரோடு வரை ஓடினேன், பைக் போய்விட்டது.

அடுத்த வாரம் என் போனுக்கு மெசேஜ் வந்தது, முகவரியில் அப்படி ஒருவர் வசிக்கவில்லை என்று அறிக்கை. மகிமா, நான் ஐம்பத்திரண்டு வயதில் எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறேன், எல்லாமே காற்றில் போய்விடுகிற ஜாதி. முதல் தடவையாக ஒன்றை ஒருத்தர் நம்பி, எழுதி, சீல் வைத்துவிட்டார். அந்த மெசேஜை வைத்துக்கொண்டுதான் உனக்குப் பறந்து வருகிறது என்று சொன்னேன். தப்பு. மன்னித்துவிடு. உன் அப்பாவிடம் சொன்னதும் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார், அவர் திரும்பி வருவதற்குள் நான் மூன்று தடவை செத்துப் பிழைத்தேன்.

முந்தாநாள் வெள்ளிக்கிழமை போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். சப் இன்ஸ்பெக்டர் ராமசெல்வி என்று ஒரு அம்மா, உன் அம்மா வயதுதான் இருக்கும். நான் சொன்னது பொய் மேடம், பெண் இங்கேதான் இருக்கிறாள் என்றேன். அவர் அறிக்கையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “அன்னைக்குச் சொன்னது பொய்யா, இன்னைக்குச் சொல்றது பொய்யா?” என்று சாதாரணமாகத்தான் கேட்டார். எனக்கு வாய் அடைத்துவிட்டது. காசிமேட்டில் யாரிடம் வேண்டுமானாலும் கேள், இந்த வாய் அடைத்து யாரும் பார்த்ததில்லை. என்ன பதில் சொன்னாலும் அதைச் சொல்வது நான்தானே. ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்து எழுதச் சொன்னார். ராயபுரம் மண்ணின் மைந்தனும் என்று ஆரம்பித்து ஒரு பக்கம் எழுதினேன், படித்துவிட்டு மடித்துக் குப்பையில் போட்டு, “அலங்காரம் வேணாம், நடந்தத எழுதுங்க” என்று இன்னொரு தாள் கொடுத்தார். அதில் உன்னை வட சென்னையின் முதல் விஞ்ஞானி என்று ஒரே ஒரு இடத்தில்தான் எழுதியிருந்தேன், அதுவும் குப்பைக்குப் போனது. மூன்றாவது தாளில் இருந்ததை உனக்கு அப்படியே தருகிறேன். ‘நான் சைமன், படகு எஞ்சின் மெக்கானிக். என் அக்கா மகள் மகிமா எங்கள் வீட்டில் பிறந்து அதே வீட்டில் வளர்ந்தாள். இப்போது இரண்டு மாதம் விசாகப்பட்டினம் பக்கத்தில் ஹேச்சரியில் வேலைக்குப் போயிருக்கிறாள். அவள் இல்லை என்று நான் சொன்னது பொய்.’ இந்த நாலு வரி எழுத எனக்கு வேர்த்து ஊற்றிவிட்டது.

நான் கையெழுத்துப் போடும்போதே வாசலில் சத்தம். நாற்பது பேர் நிற்கிறார்கள். அம்மா பதினொன்று என்கிறாள், சரி பதினொன்று. டீக்கடைக்காரர், கீழ் வீட்டு ஷைனி, உன்னைப் பாலர் வகுப்புக்கு ரிக்‌ஷாவில் கூட்டிப்போனவர், எல்லாருக்கும் முன்னால் சிலுவையம்மாள், கையில் இன்னும் மீன் வாடை. உள்ளே வந்து மேசைக்கு எதிரே நின்று, “இட்டுகினு பூடுவீங்களோன்னு பயந்து அன்னிக்கு இல்லன்னோம் மேடம். இன்னிக்கு அவ போவணும்னுதான், கீறான்னு சொல்ல வந்துகீறோம்” என்றாள். சப் இன்ஸ்பெக்டர் அம்மா பழைய அறிக்கையை எடுத்து ஓரத்தில் ஏதோ குறித்தார். அப்புறம் சொன்னார், மறுவிசாரணைக்கு எழுதுகிறேன், இந்த முறை நானே வருவேன், தெரு சொல்வதும் மாமா சொல்வதும் எனக்கு வேண்டாம், பெண் வீட்டில் இருக்க வேண்டும். வருகிற வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணி. இருந்தால் அன்றே கையெழுத்து. இல்லையென்றால் பழைய அறிக்கையே நிற்கும், முதலிலிருந்து விண்ணப்பம் போட வேண்டும். அப்படிப் போட்டால் மாதக் கடைசியில் உனக்கு விசா நேர்காணல் இருக்கிறதே, அது போய்விடும், அது போனால் செப்டம்பர் வகுப்பும் போய்விடும்.

ஆகவே நீ வர வேண்டும். அன்று உன் அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு போனது உன் டிக்கெட்டுக்குப் பணம் புரட்ட என்று பிறகுதான் தெரிந்தது, ஸ்டேஷனில் இருந்து நான் நாள் சொன்னதும் போட்டுவிட்டார். புதன்கிழமை சாயங்காலம் விசாகப்பட்டினத்தில் ஏறினால் வியாழன் காலை சென்ட்ரல், அவரே வந்து நிற்பார். வெள்ளிக்கிழமை உன் தொட்டியில் குஞ்சு பிடிக்கிற நாள் என்று நீ சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. இத்தனை நாளாகக் கண் விழித்து வளர்த்ததைப் பிடிக்கிற அன்று நீ பக்கத்தில் இல்லாமல் போகப்போவது என்னால்தான். சூப்பர்வைசரிடம் எனக்கு உடம்பு சரியில்லை, உயிர் இழுத்துக்கொண்டிருக்கிறது என்றெல்லாம் சொல்லாதே, நடந்ததை நடந்தபடி சொல், பெல்ஜியம் கல்லூரி கேட்ட அனுபவச் சான்றிதழ் அவர் கையால் வர வேண்டியது. ஆதார், கல்லூரிச் சான்றிதழ் ஒரிஜினல் எல்லாம் உன் நீலப் பையில் இருக்கிறது, மறக்காமல் எடுத்துவா. கடிதம் கிடைத்ததும் போன் செய், செவ்வாய் சாயங்காலம் வரை நீ செய்யாவிட்டால் அம்மா செய்வாள், அவள் என்னை மாதிரி சுற்றி வளைக்கமாட்டாள்.

ஒன்றை மட்டும் எழுதலாமா வேண்டாமா என்று காலையிலிருந்து யோசிக்கிறேன். கரண்டி விழுந்த அன்று சாயங்காலம் உன் அம்மா கோபமில்லாமல் என்னைக் கேட்டாள், “அவ போவக்கூடாதுன்னு உனுக்கு உள்ள கீதாடா சைமா?” சேச்சே என்றேன். ஊர் முழுக்க உன் பெருமையைப் பேசிப் பேசித் தொண்டை வற்றினவன் நான். ஆனால் இரண்டு நாள் கழித்து எஞ்சின் கழுவிக்கொண்டிருக்கும்போது உறைத்தது. அந்த ஆளிடம் பொய் சொல்லும்போது எல்லாரையும் ஒன்றாகத்தான் அந்தமானுக்கு அனுப்பியிருக்கிறேன். உன்னைத் தனியாக எங்கேயும் அனுப்பவில்லை. அம்மா இந்த இடத்தைப் படித்துவிட்டு எதையும் மாற்றச் சொல்லவில்லை.

கடவுள் உன் தலைமேல் கை வைத்துக் காப்பார், அம்மாவும் அப்பாவும் ஆசீர்வாதம் சொல்கிறார்கள், சிலுவையம்மாள் வியாழக்கிழமைக்கு வஞ்சிரம் எடுத்துவைப்பதாகச் சொல்லியிருக்கிறாள். வெள்ளிக்கிழமை காலை தெருவில் யார் கேட்டாலும் உள்ளதைச் சொல்வது என்று எல்லாரும் முடிவு செய்து, டீக்கடையில் ஒத்திகைகூடப் பார்த்துவிட்டார்கள், பாதிப் பேருக்கு நாக்குப் புரளவில்லை. நான் அன்று வாயைத் திறப்பதாக இல்லை. பதினோரு மணிக்குக் கதவைத் தட்டுவார்கள், எங்களில் யாரும் எழுந்திருக்கமாட்டோம். நீ போய்த் திற. மகிமா யார் என்று கேட்பார்கள். நீயே சொல்.

உன் மாமன்,
சைமன்