பாட்டு நிற்காமல் போன இடம்

என்னங்க,

சாப்பாடு ஹாட்பாக்ஸில் இருக்கிறது. பத்து மணிக்குக் குழாய் ரிப்பேர்காரர் வருவார். நான்கு நாளாக என்னிடம் பேசாத நீங்கள் அவரிடமாவது வாயைத் திறங்கள்.

உங்கள் பேஸ் கிட்டாரை “என்ன எழவு டும் டும்”னு சொன்னது தப்புதான். நேற்று வேலைக்குப் போகும்போது பஸ்ஸில், நீங்கள் வாசித்துப் பழகும் அந்தப் பாட்டை முதல்முறையாக முழுசாகக் கேட்டேன். இரண்டு மாதமாகச் சுவருக்கு இந்தப் பக்கம் உங்கள் டும் டும்மை மட்டுமே கேட்டுப் பழகியதால், பாடுகிறவர் நடுவில் புகுந்து தொந்தரவு செய்வது போல இருந்தது.

நீங்கள் எப்போதும் தப்பாக வாசித்து, “ச்ச” என்று நிறுத்துவீர்களே, அந்த இடம் வந்தது. பாட்டு நிற்காமல் போய்விட்டது. நான் சத்தமாக “ச்ச” என்றேன். பக்கத்தில் இருந்த ஒரு அம்மா எழுந்து வேறு சீட்டுக்குப் போனார். எனக்கு அழுகை வந்துவிட்டது. இறங்க வேண்டிய ஸ்டாப்பும் போய்விட்டது.

பி.கு.: நீங்கள் தேடும் கிட்டார் வயர் வாஷிங் மெஷினுக்குப் பின்னால் இருக்கிறது. அதற்குக் கால் முளைக்கவில்லை, நான்தான் வைத்தேன்.

இன்னொன்று: சாயங்காலம் அந்த இடம் சரியாக வந்துவிட்டாலும், ஒரு தடவை “ச்ச” சொல்லிவிடுங்கள்.