ஞாயிறு விடுமுறை

9 ஜூன் 2025, திங்கள்

மழை. காலையில் போன மின்சாரம் மதியம் வந்தது. குளச்சலில் வள்ளங்களின், அதாவது சிறு நாட்டுப்படகுகளின், எஞ்சினுக்கு உதிரிபாகக் கடை வைத்திருக்கும் யாக்கூப்பின் மகள் ஷப்னா போனில் பேசினாள். கடைக்கு வெப்சைட் தயாராகிறதாம். அதில் போட எழுதித் தர வேண்டும். சரி என்றேன். தமிழில் முனைவர் பட்டம், தனியார் கல்லூரியில் பதினான்கு வருடத் தற்காலிக விரிவுரை, இப்போது ஸ்பார்க் பிளக்.

நிரந்தரப் பணியிடம் வந்தபோது எனக்குப் பின்னால் சேர்ந்த அனில்குமாருக்குக் கொடுத்தார்கள். இதை இந்த டைரியில் எத்தனை முறை எழுதிவிட்டேன்? இனியும் எழுதுவேன்.

12 ஜூன், வியாழன்

கடைக்குப் போனேன். பெரிய விசைப்படகுகளுக்கு மட்டும் இப்போது மீன்பிடித் தடைக்காலம் என்பதால் வள்ளக்காரர்களுக்கு இதுதான் சீசன். யாக்கூப்பின் ஒரு வருடச் சம்பாத்தியமும் இந்த இரண்டு மாதத்தில்தான். தேங்காப்பட்டணத்தில் புதிதாக ஒரு ஷோரூம் வேறு வந்துவிட்டது. டீ வாங்கிக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "சாரே, இந்த சீசன் கைவிட்டா ஷட்டரை இறக்கிட்டு வீட்ல இருக்க வேண்டியதுதான். மெக்கானிக் பயலுவ ரெண்டு பேரும் கல்ஃபுக்குப் போயிருவானுவ. பாத்து எழுதுங்க."

வேறு என்ன கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. வேறு என்ன சொல்ல வேண்டும் என்று அவருக்கும் தோன்றவில்லை.

16 ஜூன், திங்கள்

எழுதி முடித்தேன். முகப்புப் பக்கம் கடலில் தொடங்குகிறது. நெய்தல் திணை, மனிதனுக்கும் அலைக்கும் உள்ள பழைய வழக்கு, அதற்குப் பிறகுதான் எஞ்சின். கல்லூரி ஆண்டு மலரில் வந்திருந்தால் பேசப்பட்டிருக்கும். ஜெபகுமாரிக்கு வாசித்துக் காட்டினேன். விடைத்தாள் திருத்திக்கொண்டே கேட்டாள்.

"நல்லாத்தான் இருக்கு. கடை எங்க இருக்கு?"

தொடர்புப் பக்கத்தில் இருக்கிறது என்றேன். இருபத்தாறு வருட மனைவி.

19 ஜூன், வியாழன்

ஷப்னா எல்லாவற்றையும் வெட்டிவிட்டாள். "கோவிச்சுக்கிடாதீங்க சார். வள்ளக்காரங்க போனை எடுத்து விரலால ஒரு தள்ளு தள்ளுவாவ. அதுக்குள்ள அவங்களுக்கு வேண்டியது கண்ணுல படணும்."

கடைப் பெயர், என்னென்ன சாமான் கிடைக்கும், வழி, போன் நம்பர். நான் எழுதியதில் மிஞ்சியது கடைசி வரி மட்டும்: காலை ஒன்பது முதல் இரவு எட்டு வரை, ஞாயிறு விடுமுறை. பி.காம் படித்த பெண் எனக்கு எழுதச் சொல்லித் தருகிறாள்.

20 ஜூன்

இருபது வருடமாக எழுதுகிறேன். வாசிக்க ஓர் ஆள் கிடையாது.

6 ஜூலை, ஞாயிறு

சர்ச் ஆராதனையில் அனில்குமார் முன்வரிசை. வெளியே வந்ததும் அழைப்பிதழை நீட்டினான். அவனுடைய கட்டுரைத் தொகுப்பு, இருபத்தேழாம் தேதி மாலை, தக்கலையில் வெளியீடு. "நீ இல்லாமலா? வருவியா?" என்றான். வருவேன் என்றேன். கடைசி வரிசையில் உட்கார்ந்து அவன் பேச்சில் பிழை பொறுக்க வேண்டும்.

14 ஜூலை, திங்கள்

யாக்கூப் போனில் வந்தார். குரலில் கோபமில்லை, அதுதான் சங்கடம். "சாரே, மத்த நாளு பரவாயில்ல. ஞாயித்துக்கிழமைதான் ஒரு மனுசனையும் காணல்ல. நேத்து நானும் மெக்கானிக்மாரும் ரோட்டையே பாத்துட்டு இருந்தோம். ஷோரூம்ல நிக்க எடம் இல்லியாம்."

ஷோரூம்காரன் தள்ளுபடி போட்டிருப்பான் என்றேன். போனை வைத்த பிறகுதான் உறைத்தது. ஞாயிற்றுக்கிழமை இவர் கடையைத் திறந்தா வைத்திருக்கிறார்?

15 ஜூலை, செவ்வாய்

குளச்சல் போனேன். கொடிமுனையிலிருந்து வந்திருந்த ஸ்டெனி என்ற வள்ளக்காரரை யாக்கூப் பிடித்து வைத்திருந்தார்.

"ஏலே, பூசை முடிஞ்சா நேரா இஞ்சதானே வருவ? இப்பம் என்ன வந்துது ஒனக்கு?"

"நீருதானே ஞாயிறு லீவுண்ணு போட்டிருக்கீரு. பூட்டின கடைக்கு நான் என்னத்துக்கு வர?" ஸ்டெனி போனை நீட்டினார். என் வரி.

கடற்கரை ஊர்க்காரர்கள் கத்தோலிக்கர்கள், மற்ற ஆறு நாளும் கடலில். ஞாயிறு மட்டும் போக மாட்டார்கள். பூசை முடிந்ததும் எஞ்சினைக் கழற்றுவார்கள். யாக்கூப்புக்கு அது வாரத்தின் பெரிய நாள். வெள்ளி மதியம்தான் அடைப்பு. இங்கிருந்து அரைமணி நேர பஸ் தூரத்தில் பிறந்து வளர்ந்த எனக்கு இது தெரியாது. ஞாயிறு என்றால் எங்கள் வீட்டில் ஆராதனை, இறைச்சிக் குழம்பு, உறக்கம். யாரையும் கேட்கத் தோன்றவில்லை.

"நீங்க சொல்லலியே," என்றேன்.

"நீங்க கேக்கலியே சாரே."

ஷப்னா பில் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டே, "வாப்பா சொல்லியிருப்பாங்கண்ணு நெனச்சேன்," என்றாள்.

பஸ்ஸில் வரும்போது யோசித்தேன். வாசிக்கவில்லை என்றா சொன்னேன்? வாசித்திருக்கிறார்கள். நம்பியும் இருக்கிறார்கள்.

17 ஜூலை, வியாழன்

கடையில் போன் பக்கத்தில் உட்கார்ந்து, கூப்பிடுகிறவர்கள் என்ன கேட்கிறார்கள் என்று கவனித்தேன். ஒருவரும் நெய்தல் திணையைக் கேட்கவில்லை. மாற்றி எழுதினேன்: ஞாயிறு பூசை முடிந்து நேரே வரலாம், இரவு வரை இருப்போம். வெள்ளி மதியம் தொழுகைக்காக மூடியிருக்கும். ஷப்னா ஒரு சொல்லையும் வெட்டவில்லை.

20 ஜூலை, ஞாயிறு

ஷப்னாவின் மெசேஜ்: மூணு பேர்தான் சார். தப்பு பரவின வேகத்தில் திருத்தம் பரவாது போல. ஸ்டெனியின் ஊர் வாட்ஸ்அப் குழுவில் புதிய வரியைப் போடச் சொன்னேன்.

28 ஜூலை, திங்கள்

நேற்று ஆராதனைக்குப் போகவில்லை. குளச்சல் போனேன். பதினொரு மணிக்கு ஒன்றிரண்டு பைக், பிறகு ரோட்டை அடைத்துக் கூட்டம். பூசைக்கு உடுத்த வெள்ளைச் சட்டையிலேயே எஞ்சினைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஸ்டெனி என்னைச் சுட்டிக்காட்டினார்.

"மக்கா, நம்ம கடைய வாரவாரம் பூட்டுன சாரு இவருதான்."

"சாருக்கு எந்த ஊரு?"

"இரணியலு."

"அங்க கடலு இல்ல, பாவம். விட்டுரு."

எல்லோரும் சிரித்தார்கள். யாக்கூப்புக்குச் சிரிக்க நேரமில்லை. "சாரே, அந்தப் போனை எடுங்க," என்று கத்தினார். ஷப்னா பில் போட்டாள். இருட்டும்வரை நான் போனில் பதில் சொன்னேன்.

இன்று காலை ஜெபகுமாரி கேட்டாள்: "அனில்குமாருக்க புக் வெளியீடு எப்படி இருந்துது?"

நேற்றுதான் அது. நினைவே வரவில்லை. அழைப்பிதழ் சட்டைப் பையில்தான் இருந்தது. அதன் பின்பக்கத்தில்தான் நேற்று முழுக்கக் குறிப்பு எடுத்திருக்கிறேன். மெக்கானிக் நீரோடி வரை வருவாரா? பழைய புரொப்பல்லரை எடுத்துக்கொள்வீர்களா? திருவிழா ஞாயிறு பூசை நீண்டால் எத்தனை மணி வரை இருப்பீர்கள்?

கடைசிக் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியாது. யாக்கூப்பிடம் கேட்க வேண்டும்.