வாசலுக்கு உன் பெயர் வேண்டாம் என்றேன்

என் அருமை வசந்தாக்கா,

நீ போய் இன்னும் வருஷம் திரும்பவில்லை. அதற்குள் உன்னை வைத்து ஒரு கூத்து நடத்திவிட்டார்கள். வேறு யாரிடம் சொல்லி ஆற்றிக்கொள்வேன்?

செம்பூர்க் குதிரை மைதானம் இனி எப்படி இருக்க வேண்டும் என்று முடிவு செய்ய, மாட்டுங்காவில் ஒரு கூட்டம் போட்டார்கள். டிராம்பேக்குப் போகும் உன் ஆபீஸ் பஸ்ஸின் ஜன்னல் வழியாகப் பார்த்துப் பார்த்து, கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தனியாகவே கிளம்பிப் போனாயே, அதே மைதானம். சில்லறை கொடுத்தால் யார் வேண்டுமானாலும் குதிரை ஏறலாம் என்று ஊருக்குப் பொதுவாக விட்டிருந்த இடம்.

மேடையில் இருந்தது யார் தெரியுமா? மணி மாமா. இப்போது அவர்தான் மைதானக் கமிட்டி செக்ரெட்டரி. நீ சல்வார் கமீஸ் போட்டுக்கொண்டு குதிரை ஏறுவது தெரிந்ததும் வீட்டுக்கே வந்து, "வயசுப் பொண்ணு காலை அகட்டிண்டு உக்காந்து போறா. நாளைக்கு இவளை எவன் கல்யாணம் பண்ணிப்பான்?" என்று அப்பாவிடம் கேட்டாரே, அவரேதான். நீ அதைக் கேட்டுக்கொண்டே தலை பின்னிக்கொண்டிருந்தாய். அடுத்த ஞாயிறும் போனாய்.

அந்த மனுஷர் மைக்கைப் பிடித்துக்கொண்டு அழுதார், அக்கா. "வசந்தா நம்மாத்துப் பொண்ணு. நம்ம பொண்களுக்கெல்லாம் அவதான் தைரியம் குடுத்தா" என்று சொல்லிக் கைக்குட்டையால் கண்ணை ஒற்றிக்கொண்டார். நீ மஞ்சள் காமாலையில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ஒரு தரமாவது எட்டிப் பார்த்தாரா?

பிறகு வரைபடத்தை விரித்தார்கள். மைதானத்தைச் சுற்றிக் கம்பி வேலி. உள்ளே புல்தரை, ரெஸ்டாரண்ட், மெம்பர்கள் ஏறுவதற்கு மட்டும் குதிரைகள். முன்பக்கம் ஒரு வளைவு. அதில் கொட்டை எழுத்தில், "வசந்தா வாசல்".

தாராவியிலிருந்து பேச்சியம்மாள் வந்திருந்தாள். அவள் மகளைக் குதிரைக்காரன் வரிசையில் பின்னால் தள்ளியபோது, "அவ எனக்கு முன்னாடி வந்தா" என்று நீ விலகி நின்றாய் அல்லவா, அந்தப் பெண்ணின் அம்மா. அவள் எழுந்து கேட்டாள்.

"ஐயா, எங்க பிள்ளைக இந்த வாசல் வழியா வரலாமா?"

மாமா சிரித்தார். "பப்ளிக்குக்குப் பின்பக்கம் பெஞ்சு போடப் போறோம்மா. சௌகரியமா உக்காந்து பாக்கலாம்."

"பாக்கதுக்குச் சரி. ஏறுததுக்கு?"

"அதுக்கு மெம்பர் ஆகணும்."

யாரோ பின்னாலிருந்து சிரித்தார்கள். பேச்சியம்மாள் உட்காரவில்லை. நின்றபடியே வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்பா என் பக்கத்தில் இருந்தார். நீ போனபின் வாய் திறந்து நாலு வார்த்தை பேசாதவர் அன்று என் கையைப் பிடித்துக்கொண்டு, "பாருடி, அவ பேரு" என்றார். கண்ணெல்லாம் தண்ணீர். அந்தக் கையை விலக்கிவிட்டு எப்படி எழுந்தேன் என்று இப்போதும் தெரியவில்லை.

"மாமா, அந்தப் பேரை எடுத்துடுங்கோ. வேலி போடறதுக்கு எங்க அக்கா பேரு வேண்டாம்."

"குழந்தை துக்கத்துல பேசறா" என்றார் மாமா, சபையைப் பார்த்து. நான் உட்காரவில்லை. எடுத்தால்தான் உட்காருவேன் என்றேன். முணுமுணுத்துக்கொண்டே பெயரை மட்டும் அடித்தார்கள். மற்றதெல்லாம் அப்படியே. வேலிக்கும் ரெஸ்டாரண்டுக்கும் கைகள் உயர்ந்தன. உன்னோடு ஒரே குதிரையில் மாறி மாறி ஏறியவர்களின் கைகளும் அதில் இருந்தன. அதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

பஸ்ஸில் அப்பா வேறு சீட்டில் போய் உட்கார்ந்தார். வீட்டுக்கு வந்ததும், "செத்தவளுக்கு ஒரு பேர்ப்பலகைகூட இருக்கப்படாதா உனக்கு?" என்று கேட்டார்.

அடுத்த வாரம் மணி மாமாவே காபி குடிக்க வந்தார், ஒன்றுமே நடக்காத மாதிரி. "கவலையை விடும் ஓய். வாசலுக்கு வேற பேரு கெடைச்சாச்சு. ஒரு ஜவுளிக்கடை சேட்டோட அம்மா பேரு."

அப்பா தன் டம்ளரைக் கீழே வைத்தார். "அன்னிக்கு எங்க வசந்தாவுக்காக அழுதேளே?"

"அது மீட்டிங் ஓய். அங்கே அப்படித்தானே பேசணும்?"

அப்பா எழுந்து அவர் கையிலிருந்த டம்ளரை வாங்கினார். அதில் பாதிக் காபி இருந்தது. "போயிட்டு வாங்கோ" என்றார். குரலை உயர்த்தவே இல்லை. மாமா செருப்பை மாட்டும்வரை நின்றுவிட்டு, கதவைச் சாத்தித் தாழ்ப்பாளும் போட்டார். அப்புறம் என்னிடம், "நீ அன்னிக்கே சொன்னே" என்றார். அவ்வளவுதான்.

முனிசிபாலிடி சம்மதித்தால்தான் வேலி போட முடியுமாம். ஆட்சேபம் உள்ளவர்கள் நேரில் வந்து சொல்லலாமாம். பேச்சியம்மாள் தன் தெருக்காரர்களோடு வருகிறாள். அப்பா ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டார். எங்கள் பேச்சு அங்கே எடுபடுமா? அங்கேயும் ஒரு மணி மாமா உட்கார்ந்திருப்பாரோ?

இருக்கட்டும், அக்கா. எத்தனை தரம் கூப்பிட்டாலும் போவேன், விரட்டினாலும் திரும்பிப் போவேன். அதையும் மீறி அந்த வேலி எழுந்தால், அதன் எந்த மூலையிலும் உன் பெயரை எழுத விடமாட்டேன். இது என் வாக்கு.

உன் கூடப் பிறந்தவள்,
லலிதா