கேட்கலாம், கேட்க வேண்டும்

அன்புள்ள அக்கா,

இன்று காலை தாம்பரம் ஸ்டேஷனில் நின்றிருந்தபோது ஒரு கூட்ஸ் வண்டி கடந்துபோனது. மழையில் நனைந்த நிலக்கரி. வண்டி போன பிறகும் அந்த ஈரக் கரி வாசனை நடைமேடையை விட்டுப் போகவில்லை. பக்கத்தில் இருந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். எனக்கு உங்கள் கோவிலம்பாக்கம் வீட்டு முன்னறை ஞாபகம் வந்தது. சுரங்கத்துப் பக்கமிருந்து உங்களைத் தேடி வருகிறவர்களின் துணிப்பைகளில் இதே வாசனைதான் இருக்கும்.

நீங்கள் வக்கீல்; நான் உங்களுக்கு ஆங்கிலத்தில் இருக்கும் சட்டங்களைத் தமிழில் பெயர்த்துத் தருகிறவள். அரசு நிலத்தை நிலக்கரி எடுக்கக் குத்தகைக்கு விடும் சட்ட வரைவு வந்தபோது, நம் ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் அதற்கே போயின. நீங்கள் சர்ச்சிலிருந்து வந்ததும் உட்காருவோம். பட்டா வைத்திருந்தவருக்காவது இழப்பீடு உண்டு. மேய்ச்சல் புறம்போக்கில் ஆடு மேய்த்தவருக்கும், ஏரிக்கரையில் குடிசை போட்டவருக்கும் ஒன்றுமில்லை. அரசு நிலம், யாரையும் கேட்க வேண்டியதில்லை என்றது வரைவு.

'குத்தகைக்கு விடும் முன் கிராம சபையைக் கேட்க வேண்டும்.' இந்த ஒரு வரியைச் சேர்க்கச் சொல்லி, வரைவை ஆராய்ந்த நாடாளுமன்றக் குழுவின் முன் பேச டெல்லிக்குக் கிளம்பினீர்கள். அப்போதுதான் கீமோ முடிந்திருந்தது.

"வேற யாரையாவது அனுப்பலாமேக்கா," என்றேன்.

"நான் தேறி வர்ற வரைக்கும் சட்டம் காத்துட்டிருக்காதும்மா."

திரும்பி வந்த அன்று விமான நிலையத்திலிருந்து ஆட்டோவில் அழைத்து வந்தேன். பல்லாவரம் சந்தை நெரிசலில் மாட்டிக்கொண்டோம். "வெள்ளிக்கிழமைன்னா இப்டித்தாம்மா, ஒரே பேஜாரா கீது," என்று டிரைவர் அலுத்துக்கொண்டார். உங்களுக்கு அலுப்பே இல்லை. "சேர்க்கறோம்னு சொல்லியிருக்காங்க," என்று இரண்டு முறை சொன்னீர்கள்.

சேர்த்தார்கள். சட்டம் வெளியானபோது நீங்கள் படுக்கையில் இருந்தீர்கள். நான்தான் படித்துக் காட்டினேன். 'கிராம சபையின் கருத்தைக் கேட்கலாம்.'

"இன்னொரு தரம் படி."

படித்தேன்.

"வேண்டும் இல்லையா? 'லாம்'தானா?"

"லாம்தான்க்கா."

"அந்தக் கஞ்சியைக் குடு, ஆறிடப்போகுது," என்றீர்கள். அதற்குப் பிறகு அந்தச் சட்டத்தைப் பற்றி நாம் பேசவே இல்லை. மாதம் முடிவதற்குள் போய்விட்டீர்கள்.

உங்களோடு இதெல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்திருந்தேன். போன வாரம் ஒரு பெரியவரும் அவர் மகளும் பூட்டிய உங்கள் வீட்டைப் பார்த்துவிட்டு, அக்கம்பக்கத்தில் விசாரித்து என்னிடம் வந்தார்கள். அவர்கள் ஊர் மேய்ச்சல் நிலத்துக்கும் குத்தகை அறிவிப்பு வந்திருக்கிறதாம். வக்கீலம்மா இல்லை என்று சொன்னேன். மகள்தான் பேசினாள்.

"அப்ப நீங்க எழுதிக் குடுங்கம்மா."

"நான் வக்கீல் இல்லம்மா."

"பரவால்லம்மா. எங்களைக் கேக்கலைன்னு எழுதுங்க, போதும்."

ஜெயிக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை, அக்கா. உங்களுக்கு இருந்த தெம்பும் எனக்கில்லை. அவர்களுக்குக் காப்பி கொடுத்துவிட்டு மனுவை எழுத உட்கார்ந்தேன். அதில் ஊரார் கையெழுத்தை வாங்கிக்கொண்டு மறுபடி வரச் சொல்லியிருக்கிறேன்.