சாளை ஏறாத வேன்

காலையில் ஒரு ஏலே, ராத்திரி ஒரு ஏலே என்று என்னை அதட்டியே வளர்த்த செல்வி அக்காவுக்கு,

பெரியதாழைக் கடற்கரையில் வேனை நிறுத்திவிட்டு இதை எழுதுகிறேன். உன் மீன் வேன்தான். இப்போது அதில் ஒரு கட்டில், ஒற்றை அடுப்பு, என் ஸ்பேனர் பெட்டி எல்லாம் இருக்கின்றன. நீ பார்த்தால் முதலில் சிரிப்பாய். பிறகு, கட்டிலை ஏன் இந்தப் பக்கம் போட்டாய் என்று சண்டைக்கு வருவாய்.

நீ போய்ச் சில நாளிலேயே வீட்டுக்கார அண்ணாச்சி வந்தார். துக்கம் விசாரிக்கத்தான் வந்தார். டீயைக் குடித்து முடித்துவிட்டு, "தம்பி, அக்கா இருந்த வரைக்கும் நான் ஒண்ணும் சொல்லல. இனி வெள்ளையடிக்கணும்லா. மீன் வாடை செவத்துல ஏறிருச்சு. அடுத்த மாசக் கடைசில காலி பண்ணிக் குடுத்துருங்க" என்றார். அதே வாயால்தான் ஞாயிற்றுக்கிழமை தோறும் "சீலா இருந்தா நல்ல துண்டமாப் போடும்மா" என்று உன்னிடம் கேட்பார். அவர் வீட்டுச் சட்டியில் கொதித்தால் அது குழம்பு. நம் வீட்டுச் சுவரில் இருந்தால் வாடை.

வேறு வீடு தேடினேன். எங்கே போனாலும் முதல் கேள்வி, நாம் என்ன ஆட்கள் என்பதுதான். சிலர் நேராகக் கேட்டார்கள். சிலர் அப்பா என்ன தொழில், எந்தத் தெருவில் பிறந்தாய் என்று சுற்றி வளைத்துக் கேட்டார்கள். ஒரே ஒரு இடத்தில் அதையும் தாண்டினேன். அங்கே, "நீ வேணா இருந்துக்க, நாய் ஆகாது" என்றார்கள். அன்றைக்கு முடிவு செய்தேன். போட் இஞ்சின் ரிப்பேர் பார்க்க ஆலந்தலைக்கும் பெரியதாழைக்கும் எப்படியும் அலைகிறேன். வேலை இருக்கிற ஊரிலேயே வீடும் இருக்கட்டும். வேனையே வீடாக்கிவிடுவோம்.

சாளைதான் ஒத்துக்கொள்ளவில்லை.

குட்டியாக வந்தபோது சாளை மீனைத் தவிர எதையும் தின்னாது என்று நீ வைத்த பெயர். நீ ஏரல் பக்கம் வியாபாரத்துக்குக் கிளம்பினால், உனக்கு முன்னால் தாவி ஏறி முன்சீட்டில் உட்காரும். அதே வேன் வாசலில் நிற்கிறது. முன்கதவைத் திறந்தாலும் பின்கதவைத் திறந்தாலும் நாலு காலையும் தரையில் ஊன்றிக்கொண்டு நின்றது. பரோட்டாக் கடை எலும்பைக் காட்டினேன், பிஸ்கட்டைக் காட்டினேன். ஒருநாள் பொறுமை போய், தூக்கி உள்ளே விட்டுக் கதவைச் சாத்தினேன். உள்ளேயே மூத்திரம் பெய்துவிட்டது. கதவைப் பிறாண்டிய பிறாண்டலில் நகத்தில் ரத்தம். அதன் பிறகு வேன் நிற்கிற பக்கமே வரவில்லை.

பக்கத்து வீட்டு ரோஸ்லின் மதினி நல்ல மனதோடுதான் சொன்னாள். "இங்கனயே கெடக்கட்டும்லே. நான் சோறு வைக்கேன்." வைப்பாள். ஆனால் உன்னைத் தேடுகிறவர்கள் இந்த உலகத்தில் நானும் அதுவும்தான். அதைத் தெருவில் விட்டுவிட்டு நான் எந்த ஊரில் போய்த் தூங்குவேன்?

மாதக் கடைசி நெருங்கிக்கொண்டிருந்தபோது, பெரியதாழை மைக்கேல் தன் இஞ்சினை எடுத்துப்போக வந்தான். வேனுக்குள் தலையை நீட்டியவன் மூக்கைப் பொத்திக்கொண்டான்.

"என்னலே இது, வேனா ஆஸ்பத்திரியா?"

"சுத்தமா இருக்குல்லா, அதான் ஒனக்குப் பொறுக்கல."

"இந்தச் சுத்தத்துக்கு நோயாளிதாம்லே வருவான். நாய் எப்படி வரும்?"

சிரித்துவிட்டுப் போய்விட்டான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அக்கா, நான் அந்த வேனைத் தினமும் பினாயில் ஊற்றிக் கழுவிக்கொண்டிருந்தேன். நாளைக்கு எவனும் வந்து மீன் வாடை என்று சொல்லிவிடக் கூடாது என்பதற்காக. உன்னை ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்த வண்டியிலும் இதே நெடிதான். அன்றைக்குச் சாளை உன் பக்கத்தில் வந்து முகர்ந்துவிட்டு, கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. உன்னை எடுத்துப் போகும் வரைக்கும் வெளியே வரவில்லை. அந்த நெடிக்குள் ஏறச் சொல்லித்தான் நான் அதை இழுத்திருக்கிறேன்.

எனக்கு இந்தக் கழுவல் எங்கிருந்து வந்தது என்று உனக்குத் தெரியும். என் பள்ளிக்கூட மீட்டிங்குக்கு வரும்போதெல்லாம் எலுமிச்சம்பழத்தை வெட்டி முழங்கை வரைக்கும் தேய்த்துக்கொள்வாய். பாங்குக்குப் போனாலும் அப்படித்தான். வரிசையில் நிற்கும்போது விரலை மூக்கருகில் கொண்டுபோய் முகர்ந்து பார்த்துக்கொள்வாய். உழைத்துச் சாப்பிட்ட கை அது. யாருக்குப் பயந்தாய் அக்கா?

பினாயில் பாட்டிலை மதினியிடம் கொடுத்துவிட்டேன். கேன் கேனாகக் கடல் தண்ணீர் கொண்டுவந்து வேனைக் கழுவி, கதவுகளைத் திறந்துபோட்டு வெயிலில் காய வைத்தேன். தூக்கிப் போடலாம் என்று மாடியில் வைத்திருந்த உன் மீன் பெட்டியை இறக்கி, பழைய இடத்திலேயே வைத்தேன். அதன்மேல், வியாபாரத்தின்போது நீ இடுப்பில் கட்டுகிற துண்டு. பின்கதவில் ஏறிவர ஒரு பலகை. பிறகு உள்ளே உட்கார்ந்து என் வேலையைப் பார்த்தேன். கூப்பிடவில்லை.

முதலில் டயரை முகர்ந்துவிட்டுப் போய்விட்டது. அப்புறம் பலகைமேல் முன்னங்கால் இரண்டையும் வைத்தது. பலகையில் ஒரு சாளை மீன் தலை வைத்தேன், அதைத் தின்ற பிறகு வேன் வாசலில் ஒன்று. அது எதுவரை வந்ததோ அதற்கு மேல் நான் இழுக்கவில்லை. ஒரு சாயங்காலம் தானாக ஏறி வந்தது. வாசலில் கிடந்த மீன் தலையைத் தாண்டி நேராக உன் பெட்டிக்குப் போனது. துண்டை முகர்ந்தது, காலால் கிளறியது, ஒரு சுற்றுச் சுற்றி அதன்மேல் படுத்துக்கொண்டது. நான் கார்புரேட்டரைத் துடைத்துக்கொண்டே இருந்தேன். துடைத்ததையே துடைத்துக்கொண்டிருந்தேன்.

அதற்கப்புறம் நான் உள்ளே இருக்கும்போது கதவைச் சாத்திப் பார்த்தேன். படுத்தே கிடந்தது. இஞ்சின் போட்டால் இன்னும் உடம்பு நடுங்குகிறது. ஆனால் இறங்கி ஓடுவதில்லை. அதுவும் சரியாகிவிடும்.

காலி செய்த அன்று சாவியை வாங்க அண்ணாச்சி வந்தார். முன்சீட்டில் உட்கார்ந்திருந்த சாளையைப் பார்த்தார். வேனுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "கழுவலையா தம்பி? வாடை அடிக்கி" என்றார்.

"ஆமா அண்ணாச்சி. எங்க அக்கா வாடை" என்றேன்.

சாவியை அவர் கையில் வைத்துவிட்டு வண்டியை எடுத்தேன்.

இனி இந்த வேனில் பினாயில் ஏறாது, அக்கா. எந்த வாசலில் போய் நின்றாலும் நான் என் கையை முகர்ந்து பார்க்க மாட்டேன். எலுமிச்சம்பழம் வாங்கினால் அது சர்பத்துக்கு மட்டும்தான். சாளை உன் துண்டில் குறட்டை விட்டுத் தூங்குகிறது. காலையில் மைக்கேலின் இஞ்சினைப் படகில் பூட்டிக் கொடுத்துவிட்டு, நாங்கள் இரண்டு பேரும் ஆலந்தலைக்குக் கிளம்புகிறோம்.

உன் வாடையோடு ஊர் ஊராய்ப் போகிற
உன் தம்பி,
ரெக்ஸ்